யாராலும் திறக்க முடியாத பூட்டு உண்டா?



வரலாற்றுக் கட்டுரையை வகுப்பறைக் கதையிலிருந்து தொடங்குவதற்கு முதலில் பொறுத்தருள வேண்டும். அந்தக் கதையில் பிழை செய்தவள் நான். அந்தப் பிழைதான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழ் இலக்கணம் கற்பிக்கையில் குழூஉக்குறி பற்றிக் கூறினேன். ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயர் இட்டு வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது நாம் அனைவரும் படித்த எடுத்துக்காட்டு. மறுநாள் ஒரு மாணவன் தானே ஆக்கிய மறைமொழியோடு வந்து நின்றான். பன்னிரண்டு உயிருக்கும் பதினெட்டு மெய்க்கும் ஆய்தத்திற்கும் ஆக முப்பத்தொரு குறிகள். உயிர்மெய்க்கு மெய்யின் குறியோடு உயிரின் குறியையும் சேர்த்து எழுதுவான். சொற்களுக்கு இடையே இடைவெளி விடமாட்டான். மூன்று வரிச் செய்தி ஒன்றை என்னிடம் தந்து, "இதைப் படியுங்க டீச்சர்" என்றான்.

இரண்டு இரவுகள் முயன்றேன்; படிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, மேலே சிவப்பு மையில் 'யாராலும் உடைக்க முடியாத மறைமொழி' என்று நானே எழுதினேன். அவன் முகத்தில் இருந்த பெருமிதத்தை என்னவென்று சொல்வேன்!

நான்கே நாளில் அது உடைந்தது. அதே வகுப்பு மாணவி ஒருத்தி அவனிடம் சென்று, "எங்க அக்காவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதியிருக்கேன், உன் மறைமொழியில மாத்திக் கொடு" என்று கேட்டிருக்கிறாள். அவனும் மகிழ்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறான். அந்த வாழ்த்தை நான் பிறகு பார்த்தேன். அதில் ஞாயிறு இருந்தது, தங்கம் இருந்தது, ஔவையார் இருந்தார். பிறந்தநாள் வாழ்த்தில் ஔவையாருக்கு என்ன வேலை? முப்பது எழுத்துக்கும் குறி வேண்டும் என்பதற்காகவே அந்தச் சிறுமி அந்த வாழ்த்தை இயற்றியிருந்தாள். மூலமும் கையில், மறைவடிவமும் கையில், அப்புறம் என்ன? மறுநாள் ஓய்வு நேரத்தில் பலகையில் இருந்த செய்தியை அவள் உரக்கப் படித்துவிட்டாள்.

அவன் அழவில்லை. என்னிடம் வந்து, "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, யாராலும் முடியாதுன்னு" என்று மட்டும் கேட்டான். என்னிடம் விடை இல்லை. 'என்னால் முடியவில்லை' என்பதற்கும் 'யாராலும் முடியாது' என்பதற்கும் உள்ள தொலைவை நான் ஒரே சிவப்பு வரியில் தாண்டியிருந்தேன். ஒன்றைப் பாதுகாப்பானது என்று சொல்லும் உரிமை எப்போது வருகிறது? இந்தக் கேள்விக்கு உலகம் விடை தேடிய கதையே இனி வருவது.

நம் துறைமுகமும் எட்டிக் கேட்ட காதுகளும்

ஜார்ஜ் டவுனில் இன்று உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் சுவெட்டன்ஹாம் துறையை நம் பிள்ளைகள் அறிவார்கள். இரண்டாம் உலகப் போரில் அது நீர்மூழ்கிகளின் தளமாக இருந்தது என்பதை எத்தனை பேர் அறிவர்? 1941-ஆம் ஆண்டு டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் வசமானது. ஜப்பானிய நீர்மூழ்கிகள் இங்கிருந்து இந்தியப் பெருங்கடலுக்குப் புறப்பட்டன. 1943-ஆம் ஆண்டின் நடுப்பகுதி முதல் ஜெர்மானிய நீர்மூழ்கிகளும் இங்கு வந்து தங்கின. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பும் வரை இத்தீவின் கடற்கரையிலிருந்து மறைமொழிச் செய்திகள் வானொலி அலைகளில் பறந்துகொண்டே இருந்தன.

அவற்றைக் கேட்ட காதுகள் பல. 1943 செப்டம்பர் முதல் கொழும்பில் 'எச்.எம்.எஸ். ஆண்டர்சன்' என்னும் பிரிட்டிஷ் ஒட்டுக்கேட்பு நிலையம் இயங்கியது; ஜப்பானியக் கடற்படையின் குறியீடுகளை உடைப்பதே அதன் பணி. ஜெர்மானியரின் எனிக்மா இயந்திரச் செய்திகளோ இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் உடைக்கப்பட்டன. கிழக்கே வந்த ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்கு நடுக்கடலில் எண்ணெய் வழங்கிய 'சார்லட் ஷ்லீமன்' கப்பல் 1944 பிப்ரவரியிலும், 'பிராக்கே' கப்பல் அதே ஆண்டு மார்ச்சிலும் கடலுக்குள் போயின. அவை எங்கே காத்திருக்கும் என்பதை உடைபட்ட செய்திகள் முன்னரே சொல்லிவிட்டன. ஜப்பானின் கனரகப் போர்க்கப்பல் 'ஹகுரோ' 1945 மே 16 அன்று பினாங்குக்குத் தென்மேற்கே மலாக்கா நீரிணையில் மூழ்கடிக்கப்பட்டதற்கும் ஒட்டுக்கேட்ட தகவலே தொடக்கம். தம் குறியீடு பாதுகாப்பானது என்ற நம்பிக்கை எத்தனை மாலுமிகளின் உயிரைக் குடித்தது என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது அந்தப் பிறந்தநாள் வாழ்த்துக்கு வருவோம். எதிரியையே நாம் விரும்பும் செய்தியை மறைமொழியில் எழுத வைப்பது போரிலும் நடந்தது. 1942-ஆம் ஆண்டு மே மாதம் ஜப்பானியச் செய்திகளில் 'ஏஎஃப்' என்னும் குறி அடிக்கடி வந்தது. அது மிட்வே தீவு என்று அமெரிக்கக் கடற்படையின் ஜோசப் ரோச்ஃபோர்ட் குழுவினர் ஐயுற்றனர். மிட்வே தளத்தில் நன்னீர் வடிக்கும் இயந்திரம் பழுதடைந்துவிட்டதாக வெளிப்படையான மொழியில் ஒரு பொய்ச் செய்தியை அனுப்பச் செய்தனர். 'ஏஎஃப்'-இல் நன்னீர்த் தட்டுப்பாடு என்று ஜப்பானியர் தம் குறியீட்டில் செய்தி அனுப்பினர். ஐயம் உறுதியாயிற்று. பிரிட்டிஷ் விமானங்களும் குறிப்பிட்ட கடற்பகுதிகளில் கண்ணிவெடிகளைப் போட்டு, ஜெர்மானியர் அந்த இடங்களைக் குறிப்பிட்டு எனிக்மாவில் எச்சரிக்கை அனுப்பக் காத்திருந்தன. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தோட்டவேலை'. விதை போட்டு அறுவடை செய்வதல்லவா!

இதற்கு இன்றைய அறிஞர் இட்ட பெயர் 'தேர்ந்தெடுத்த மூலச்செய்தித் தாக்குதல்'. எதிரி நம் மறைசெய்தியைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கமாட்டான். தான் விரும்பிய செய்தியை நம்மையே மறைக்கவும் வைப்பான். இதைவிட வலிய தாக்குதலும் உண்டு. எதிரி தானே ஒரு மறைசெய்தியைப் புனைந்து, அதை நம் கருவியையே திறக்க வைத்து, என்ன வருகிறது என்று பார்ப்பான். இதனைத் 'தேர்ந்தெடுத்த மறைசெய்தித் தாக்குதல்' என்பர். நான் இரண்டு இரவுகள் செய்தது மிக மெலிந்த தாக்குதல். அந்த மாணவி செய்தது வலிய தாக்குதல். மெலிந்த தாக்குதலைத் தாங்கியதை வைத்து நான் முழுச்சான்று கொடுத்துவிட்டேன்.

ஒரு மொழியாசிரியர் சொன்ன விதி

இத்துறைக்கு முதல் ஒழுங்கைத் தந்தவர்களுள் ஒருவர் நம் இனத்தவர், அதாவது மொழியாசிரியர். ஒல்லாந்தில் பிறந்து பிரான்சில் மொழி கற்பித்த ஒகுஸ்த் கெர்க்காஃப்ஸ் 1883-ஆம் ஆண்டு படைத்துறை மறைமொழி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மறைக்கும் முறை எதிரியின் கையில் சிக்கினாலும் கேடு வரக்கூடாது; சாவி மட்டுமே மறைவாக இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதிகளுள் ஒன்று. பூட்டுக் கடையில் ஒரே வகைப் பூட்டு ஆயிரம் பேருக்கு விற்கப்படுகிறது. அதன் அமைப்பு யாருக்கும் தெரியும். என் வீட்டுச் சாவி என்னிடம் இருப்பதே என் காவல்.

அடுத்த பெரும் பாய்ச்சல் 1949-இல் வந்தது. அமெரிக்கக் கணிதவியலர் கிளாட் ஷானன், மறைமொழியை முதன்முறையாக முழுக் கணிதமாக எழுதினார். செய்தியின் நீளத்திற்குக் குறையாத, முற்றிலும் தற்செயலான, ஒரே ஒரு முறை மட்டும் பயன்படும் சாவி இருந்தால், எதிரிக்கு எத்தனை கணினி இருந்தாலும் செய்தியைப் பற்றி எதுவும் கிட்டாது என்று நிரூபித்தார். இது உண்மையான 'யாராலும் முடியாது'. ஆனால் விலை பெரிது. நூறு பக்கக் கடிதத்திற்கு நூறு பக்கச் சாவியை முன்னதாகவே மறைவாகக் கொண்டு சேர்க்க வேண்டும். அன்றாட வாழ்வுக்கு இது ஒத்துவராது. சிறிய சாவி, பெரிய காவல். இதுவே உலகம் கேட்டது.

அதற்கு விடையாக வந்ததே தொகுதி மறையீடு. செய்தியைச் சம அளவுள்ள தொகுதிகளாக வெட்டி, ஒரே சாவியால் ஒவ்வொரு தொகுதியையும் வேறொரு தொகுதியாக மாற்றுவது. ஐபிஎம் நிறுவனத்தில் பணிபுரிந்த ஹார்ஸ்ட் ஃபைஸ்டல் 1970-களின் தொடக்கத்தில் இதற்கு அழகான அமைப்பு ஒன்றைத் தந்தார். அதன் வழிவந்த 'டிஇஎஸ்' 1977-இல் அமெரிக்க அரசின் தரமாயிற்று. தொகுதி 64 பிட், சாவி 56 பிட், சுற்றுகள் 16.

வெண்பலகையில் ஒரு சிறு கணக்கு

ஃபைஸ்டல் அமைப்பை நம் மாணவர்க்கே கற்பிக்கலாம். பயப்பட வேண்டாம், ஓரிலக்கக் கூட்டல் தெரிந்தால் போதும்.

செய்தி இரண்டு இலக்கம் என்று கொள்வோம்: இடப்பக்கம் 3, வலப்பக்கம் 7. நம்மிடம் ஒரு மறைபட்டியல் இருக்கிறது. எந்த இலக்கத்தைக் கேட்டாலும் அது வேறோர் இலக்கம் சொல்லும். 7-க்கு அது 5 என்கிறது. அந்த 5-ஐ இடப்பக்க 3-உடன் கூட்டினால் 8. (பத்தைத் தாண்டினால் ஒன்றின் இலக்கத்தை மட்டும் கொள்க.) இப்போது பக்கங்களை மாற்றிப் போடுவோம்: இடம் 7, வலம் 8. ஒரு சுற்று முடிந்தது. வேறொரு மறைபட்டியலோடு அடுத்த சுற்று. பட்டியல் தெரிந்தவர் பின்னோக்கிக் கழித்து மூலத்தை எளிதாக மீட்கலாம். பட்டியல் எவ்வளவு தாறுமாறாக இருந்தாலும் மீட்க முடிவதே இவ்வமைப்பின் அழகு.

ஒரே சுற்று போதுமா? போதாது. வலப்பக்க 7 மாறாமல் இடப்பக்கம் வந்து நிற்கிறதே! இரண்டு சுற்று? பார்ப்போம். 3,7 என்ற செய்தி முதல் சுற்றில் 7,8 ஆகிறது. இரண்டாம் சுற்றில் இடப்பக்கம் 8 ஆகிறது. அடுத்து எதிரி 4,7 என்ற செய்தியை மறைக்கச் சொல்கிறான். முதல் சுற்றில் 7,9. இரண்டாம் சுற்றில் இடப்பக்கம் 9. மூலத்தில் இடப்பக்கம் ஒன்று கூடியது. விடையிலும் ஒன்று கூடியது. எதிரிக்குப் பட்டியல் எதுவும் தெரியாது. ஆயினும் தேர்ந்தெடுத்த இரண்டே செய்திகளால் உள்ளே இருக்கும் ஒழுங்கைப் பிடித்துவிட்டான்.

மூன்று சுற்று? நான்கு? எப்போது நிறுத்துவது? 'பதினாறு போதும்' என்று அனுபவத்தால் சொல்லலாம். நிரூபிக்க முடியுமா?

நிரூபணம் பிறந்த கதை

மைக்கேல் லூபியும் சார்லஸ் ராக்காஃபும் 1988-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு விடை தந்தது. அவர்களுக்கு முன் கோல்ட்ரைக், கோல்ட்வாசர், மிக்காலி ஆகிய மூவர் 1980-களின் நடுவில் வகுத்த ஒரு கருத்தே இதற்கு அடிப்படை. அதை விளையாட்டாகச் சொல்கிறேன்.

ஒரு திரை. திரைக்குப் பின்னால் இருவரில் ஒருவர் இருக்கிறார். ஒருவர், மறைவான சாவியோடு நம் மறையீட்டை இயக்குபவர். மற்றவர், எந்த முறையும் இல்லாமல் ஒவ்வொரு செய்திக்கும் குலுக்கல் போட்டு விடை சொல்பவர்; சொன்ன விடையைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார், ஒரே விடையை இரு செய்திகளுக்குத் தரமாட்டார். நீங்கள் விரும்பிய செய்தியைக் கேட்கலாம். கிடைத்த விடையைப் பார்த்து அடுத்த கேள்வியை அமைக்கலாம். உள்ளே இருப்பவர் யார் என்று இறுதியில் சொல்ல வேண்டும். நாணயம் சுண்டிச் சொல்வதைவிட உங்களால் சிறப்பாகச் சொல்ல முடியவில்லை என்றால், அந்த மறையீடு பாதுகாப்பானது.

இந்த இலக்கணம் இன்ன உத்தி என்று எதையும் குறிப்பிடவில்லை என்பதைக் கவனியுங்கள். எதிரி எந்த வழியில் வேண்டுமானாலும் சிந்திக்கலாம். அவனுக்கு எத்தனை கேள்வி, எந்தத் திசையில் கேள்வி, எவ்வளவு கணக்கிடும் நேரம் என்று மட்டுமே வரையறை. அதனால்தான் 'யாராலும் முடியாது' என்ற சொல்லுக்கு இங்கே பொருள் கிடைக்கிறது.

லூபியும் ராக்காஃபும் நிரூபித்தது இதுதான். ஒவ்வொரு சுற்றின் பட்டியலும் தற்செயலானதாகத் தோன்றினால், மூன்று சுற்று ஃபைஸ்டல் அமைப்பு தேர்ந்தெடுத்த மூலச்செய்தித் தாக்குதலைத் தாங்கும். ஆனால் திறக்கவும் கேட்கலாம் என்று எதிரிக்கு இடம் கொடுத்தால் மூன்று சுற்று வீழ்ந்துவிடும். இருமுறை மறைக்கச் சொல்லி ஒருமுறை திறக்கச் சொன்னால் போதும். நான்கு சுற்று இரண்டையும் தாங்கும். ஒரே ஒரு சுற்றின் வேறுபாடு!

இந்த நிரூபணத்திற்கும் ஓர் எல்லை உண்டு, அதுவும் பிறந்தநாள் தொடர்பானதே. 23 பேர் உள்ள வகுப்பில் யாரேனும் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்கும் சற்று மேல். 365 நாள்களுக்கு வெறும் 23 பேர்! அதுபோல, எதிரி கேட்கும் கேள்விகள் பெருகப் பெருக, உள்ளே இருக்கும் பட்டியல் ஒரே எண்ணை இருமுறை சந்திக்கும் வாய்ப்பும் விரைந்து ஏறும். அப்படிச் சந்திக்காத வரையில் ஒவ்வொரு விடையும் புதிய தற்செயல் எண். எதிரிக்குப் பிடி கிடைக்காது. 128 பிட் தொகுதியில் பாதி 64 பிட். நிரூபணம் உறுதி தருவது ஏறத்தாழ 430 கோடி கேள்விகளை நெருங்கும் வரையே. பிற்காலத்தில் ஜாக் பட்டாரின் போன்றோர் சுற்றுகளைக் கூட்டி இந்த எல்லையை வெகுதூரம் தள்ளினர்.

வளரி திரும்பி வந்தது

நிரூபணம் வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று எண்ணினால் மீண்டும் சிவப்பு மையை எடுத்தவர்கள் ஆவோம்.

1990-இல் எலி பிகாமும் அடி ஷமீரும் 'வேறுபாட்டுத் தாக்குதல்' என்ற முறையை வெளியிட்டனர். சிறு வேறுபாடு கொண்ட இரு செய்திகளை மறைக்கச் செய்து, விடைகளின் வேறுபாட்டை ஆராய்வது அம்முறை. நம் வெண்பலகைக் கணக்கின் பெரியண்ணன் என்று கொள்ளலாம். டிஇஎஸ் அதை வியக்கத்தக்க அளவில் தாங்கி நின்றது. காரணம் 1994-இல் தெரிந்தது. ஐபிஎம் குழுவினர் 1974-லேயே அத்தாக்குதலை அறிந்து அதற்கேற்ப வடிவமைத்து, வெளியே சொல்லாமல் இருந்துவிட்டனர் என்று அக்குழுவின் டான் காப்பர்ஸ்மித் எழுதினார். இறுதியில் டிஇஎஸ்-ஐ வீழ்த்தியது அதன் குட்டைச் சாவியே. 1998-இல் தனியே செய்யப்பட்ட ஒரு கருவி எல்லாச் சாவிகளையும் ஒவ்வொன்றாக முயன்று, மூன்று நாளுக்குள் விடை கண்டது.

அதே 1998-இல் செர்ஜ் வொதனே என்னும் பிரெஞ்சு அறிஞர் 'கோக்கனட்98' என்ற மறையீட்டை வெளியிட்டார். பெயர் என்னவோ நம் தென்னந்தோப்பை நினைவூட்டினாலும், உள்ளே கடுமையான கணிதம். வேறுபாட்டுத் தாக்குதல் பலிக்காது என்பதற்கு அதற்கு நிரூபணமே இருந்தது. அடுத்த ஆண்டே டேவிட் வாக்னர் அதை உடைத்தார். அவர் முறையின் பெயர் 'பூமராங்'. இரு செய்திகளை மறைத்து, வந்த விடைகளைச் சற்றே மாற்றி, மாற்றியவற்றைத் திறக்கச் சொல்வது; எறிந்தது திரும்பி வருவதுபோல மறையீட்டின் உள்ளே சென்று வெளியே வருவது. பூமராங் என்றதும் எனக்கு நம் வளரியே நினைவுக்கு வந்தது. வளரிக்குப் பேர்பெற்ற சிவகங்கைச் சீமையிலிருந்து சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் பிறரும் 1802-இல் நாடு கடத்தப்பட்டு வந்த இடம் இந்தப் பினாங்குதான் அல்லவா?

வொதனேயின் நிரூபணம் பொய்யா? இல்லை. அது சொன்னது முழுதும் உண்மை. முன் வாயிலில் வரும் குறிப்பிட்ட தாக்குதல் பலிக்காது என்றே அது சொன்னது. வாக்னர் இரு வாயில்களையும் பயன்படுத்தினார். எந்தத் தாக்குதலுக்கு எதிராக என்று கேட்காமல் 'நிரூபிக்கப்பட்டது' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வது வாசகர் செய்யும் பிழை. வலிய தாக்குதலை முன்வைத்து நிரூபிப்பதன் தேவை இங்கே விளங்குகிறது.

நிரூபணத்திலேயே பிழை நேர்ந்ததும் உண்டு. தொகுதி மறையீட்டை வைத்து நீண்ட செய்தியை மறைக்கவும், அது வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதி செய்யவும் உதவும் 'ஓசிபி2' என்ற முறையை 2004-இல் ஃபிலிப் ரோகவே வெளியிட்டார். நிரூபணம் இருந்தது, 2009-இல் பன்னாட்டுத் தரநூலிலும் இடம்பெற்றது. 2018-இல் ஜப்பானின் அகிக்கோ இனோவே, கசுஹிக்கோ மினெமட்சு இருவரும் அந்த நிரூபணத்தில் ஓர் ஓட்டையைக் கண்டனர். ஒரே ஒரு செய்தியை மறைக்கச் சொல்லிப் பெற்றால், போலிச் செய்தி ஒன்றை உண்மையானதுபோல் புனைந்துவிடலாம்! பதினான்கு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாத பிழை. ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்று 'ஒற்றாடல்' அதிகாரத்தில் வள்ளுவர் அறிவுறுத்துவதை நாம் கற்பிக்கிறோம். நிரூபணத்திற்கும் அது பொருந்தும்.

சரிபார்க்கும் கூட்டத்தில் நம்மவரும்

இந்தச் சரிபார்ப்பு தனியொருவர் வேலையன்று. உலகெங்கும் மாநாடுகள் கூடுகின்றன. ஒருவர் எழுதியதை மற்றவர் உடைத்துப் பார்க்கின்றனர். 'இந்தோகிரிப்ட்' என்ற மறையியல் மாநாடு 2000-இல் கொல்கத்தாவில் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 2001 டிசம்பரில், சென்னையில் நடந்தது. அதன் கட்டுரைத் தொகுப்பின் பதிப்பாசிரியர்களுள் ஒருவர் அப்போது சென்னை ஐஐடியில் பேராசிரியராக இருந்த சி. பாண்டுரங்கன். 2004-லும் 2007-லும் மீண்டும் சென்னையிலேயே கூடியது. 'ஆசியாகிரிப்ட்' மாநாடு 2007 டிசம்பரில் நம் நாட்டில், சரவாக்கின் கூச்சிங் நகரில் நடந்தது. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் தொகுதி மறையீட்டு நிரூபணங்களையே தம் ஆய்வாகக் கொண்டோர் உள்ளனர். நம் பிள்ளைகள் நுழைய முடியாத துறை இது என்று எண்ண வேண்டாம்.

இன்று நம் கைப்பேசிகள், வங்கிச் செயலிகள் பலவற்றில் காவல் நிற்பது 'ஏஇஎஸ்' என்னும் தொகுதி மறையீடு. பெல்ஜியத்தின் யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் இருவரும் ஆக்கியது; வெளிப்படையான உலகப் போட்டியில் வென்று 2001-இல் தரமாயிற்று. அது முழுமையாக நிரூபிக்கப்பட்டதா? இல்லை. திரை விளையாட்டில் ஏஇஎஸ் வெல்லும் என்று இதுவரை எவரும் நிரூபித்ததில்லை. நிரூபிக்கப்பட்டவை வேறு. வேறுபாட்டுத் தாக்குதலின் எந்தத் தடமும் நான்கு சுற்றுகளைக் கடக்கையில் குறைந்தது 25 மாற்றுப்பெட்டிகளைத் தொட்டே ஆகவேண்டும். ஆகவே அத்தடம் பலிக்கும் வாய்ப்பு மிக மிகச் சிறியது என்பது கணிதம். ஏஇஎஸ் பாதுகாப்பானது எனக் கொண்டால் அதன்மேல் கட்டிய இன்ன முறையும் பாதுகாப்பானது என்பதும் கணிதம். எஞ்சியது, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் கூர்மதியினர் முயன்றும் உடைக்க இயலாத அனுபவம். இம்மூன்றையும் பிரித்துச் சொல்வதுதான் நேர்மை.

பெற்றோர் பலர் என்னிடம், "இணைய வங்கி பாதுகாப்பானதா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். இப்போது நான் திருப்பிக் கேட்பது, "எந்தத் தாக்குதலுக்கு எதிராக?" என்பதே. மறையீட்டை உடைத்துப் பணம் எடுப்பது மிக அரிது. ஆனால் வங்கி அதிகாரி என்று சொல்லி அழைப்பவனிடம் நாமே கடவு எண்ணைச் சொல்லிவிட்டால், எந்த நிரூபணமும் குறுக்கே நிற்காது. சாவி மறைவாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டே எல்லா நிரூபணமும் தொடங்குகிறது. கெர்க்காஃப்ஸ் என்னும் அந்த மொழியாசிரியர் 1883-இல் சொன்னதும் அதுதானே.

மீண்டும் வகுப்பறைக்கு

அந்தச் சிவப்பு வரியை நான் கிழித்தெறியவில்லை. வகுப்பின் முன்னிலையில் அதன்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, "இதை எழுதியது என் பிழை, உன் பிழையன்று" என்று அந்த மாணவனிடம் சொன்னேன். கீழே அவனையே எழுதச் சொன்னேன். சற்று யோசித்து, 'மறைத்த செய்தி மட்டும் கிடைத்தால் டீச்சரால் படிக்க முடியவில்லை. வேறு செய்தி எழுதிக் கொடுத்தால் படித்துவிடலாம்' என்று எழுதினான். லூபியும் ராக்காஃபும் படித்தால் தலையசைத்திருப்பார்கள். பிறகு அவளும் அவனும் சேர்ந்து, எண்களை வைத்து நான்கு சுற்றுப் பூட்டு ஒன்றைச் செய்யத் தொடங்கினர்.

ஆசிரியர்களே, நமக்கும் இதில் ஒரு பாடம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்படும் வரை, பழைய வினாத்தாள்களில் தேறிய மாணவனைக் 'கெட்டிக்காரன்' என்றும் தேறாதவனை 'முடியாதவன்' என்றும் நாம் எத்தனை முறை எழுதியிருப்போம்? நாம் கேட்ட கேள்விகளுக்கு அவன் அப்படி விடையளித்தான் என்பது மட்டுமே நமக்குத் தெரியும். அதற்குமேல் ஒரு சொல் எழுதுமுன், கையில் இருக்கும் சிவப்பு மையை ஒருகணம் பார்த்துக்கொள்ளலாம்.